பள்ளியைத் தாங்கும் கைகள்

ஞாயிறு திருப்பலி முடியும் நேரம். பங்குத் தந்தை அறிவிப்புகளை வாசிக்கிறார். நமது பள்ளிக்கூடத்துக்குப் புதிய வகுப்பறைகள் தேவையென்றும், அடுத்த ஞாயிறு எடுக்கப்படும் காணிக்கை அதற்கே உரியதென்றும் சொல்லுகிறார். நம்மில் சிலர் மனத்துக்குள் கணக்குப் போடுகிறோம். சிலர், "மறுபடியும் காணிக்கையா?" என முணுமுணுக்கிறோம். இன்னும் சிலர், "எங்கேனும் ஒரு பெரிய புண்ணியவான் கிடைத்தால் ஒரே ஆண்டில் எல்லாம் கட்டி முடிந்துவிடுமே!" என்று பெருமூச்சு விடுகிறோம்.

அரசின் உதவியின்றித் தன் காலிலேயே நிற்கவேண்டிய ஒரு பள்ளியை யார் தாங்குவது? ஒரு பெருஞ்செல்வரா? அல்லது சிறுகச் சிறுகச் சேர்க்கும் ஊர்மக்களா? இவ்வினாவை எழுப்பும்போது, ஒரே காலத்தில் உலகின் இரு கோடிகளில் வாழ்ந்த இரு புனிதப் பெண்கள் நம் கண்முன் வருகின்றனர். ஒருவர் பெருஞ்செல்வத்துக்கு உரிமை பூண்டவர், மற்றவர் வெறுங்கையர். இருவரும் பள்ளிகளை எழுப்பினர். இருவர் வரலாறும் நமக்குப் பாடமாக உள்ளன.

செல்வத்தை விதைத்த சீமாட்டி

புனித கத்தரீன் திரெக்செல் 1858ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவில், பிலதெல்பியா நகரில் பிறந்தார். தந்தை பிரான்சிசு அந்தோணி திரெக்செல் பெயர்பெற்ற வங்கியாளர். பிறந்த சில வாரங்களிலேயே தாயை இழந்த அக்குழந்தையை, தந்தையின் இரண்டாம் மனைவியான எம்மா தம் சொந்த மகளாகவே வளர்த்தார். அவ்வீட்டின் கதவு வாரத்தில் குறித்த நாட்களில் ஏழைகளுக்கெனத் திறந்திருக்கும். உணவும் உடையும் வீட்டு வாடகைக்கான பணமும் அங்கே வழங்கப்படும். சிறுமி கத்தரீனும் அவர்தம் சகோதரியரும் அப்பணியில் தாய்க்குத் துணைநின்றனர். கொடுத்தல் என்பதை அவர் நூலில் கற்கவில்லை, வீட்டுவாசலில் கற்றார்.

1885ஆம் ஆண்டு தந்தை இறந்தபோது அவர் விட்டுச்சென்ற சொத்து ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர். அதில் பத்தில் ஒரு பங்கை அறநிலையங்களுக்கு எழுதிவைத்திருந்தார். எஞ்சியதன் முதலைத் தொடாமல், அதன் வருமானத்தை மட்டும் மூன்று மகளிரும் அனுபவிக்கவேண்டும் என்பது அவர்தம் உயில். அக்காலத்தில் அதுவே மிகப் பெருஞ்செல்வம்.

இச்செல்வத்தைக் கொண்டு கத்தரீன் அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் அமைக்கப் பணம் அனுப்பலானார். 1887ஆம் ஆண்டு உரோமை சென்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயரைக் கண்டு, அப்பள்ளிகளுக்கு மறைபணியாளரை அனுப்பித்தருமாறு வேண்டினார். "மகளே, நீயே ஏன் மறைபணியாளராகக் கூடாது?" என்னும் பொருள்படத் திருத்தந்தை திருப்பிக் கேட்டார். அவ்வினா அவர் உள்ளத்தைத் தைத்தது. பணத்தைக் கொடுப்பது எளிது. தன்னையே கொடுப்பதன்றோ அரிது! 1889ஆம் ஆண்டு துறவற இல்லம் புகுந்தார். 1891ஆம் ஆண்டு, பூர்வகுடி மக்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் தொண்டு செய்வதற்கெனத் தூய நற்கருணைச் சகோதரியர் சபையைத் தோற்றுவித்தார்.

அதன்பின் அவர் கட்டிய பள்ளிகள் பல. அரிசோனாவில் நவகோ இன மக்களுக்காக அவர் அமைத்த புனித மிக்கேல் பள்ளி 1902ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கறுப்பின மாணவரைக் கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவும் சேர்க்க மறுத்த காலத்தில், 1915ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்சு நகரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது 1925ஆம் ஆண்டு கல்லூரியாக வளர்ந்து, இன்று லூயிசியானா சவேரியார் பல்கலைக்கழகமாய் விளங்குகிறது. கறுப்பின மக்களுக்கென அந்நாட்டில் எழுந்த ஒரே கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அதுவே.

தம் வாழ்நாளில் அவர் ஈந்தது ஏறக்குறைய 2 கோடி டாலர் என்பர். அவரோ பென்சிலைப் பிடிக்க முடியாத துண்டாகும்வரை எழுதுவாராம். பழைய காலணியைத் தைத்துத் தைத்து அணிவாராம். தம்மிடம் சேமித்த ஒவ்வொரு காசும் ஒரு பிள்ளையின் புத்தகமாகும் என்று எண்ணியவர் அவர்.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. அக்காலத்துப் பூர்வகுடி உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் தம் தாய்மொழியினின்றும் குடும்பத்தினின்றும் பிரிக்கப்பட்டனர். அத்தகைய பள்ளிகளில் திருச்சபைக்கு இருந்த பங்கிற்காக அமெரிக்க ஆயர்கள் 2024ஆம் ஆண்டு மன்னிப்பு வேண்டினர். கொடுப்பவரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. பெறுபவரின் மாண்பைப் போற்றுவதும் கொடையின் ஒரு பகுதியே.

ஊற்று நின்ற நாள்

1955ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள், 96ஆம் வயதில் அன்னை கத்தரீன் இறைவனடி சேர்ந்தார். அன்றோடு வேறொன்றும் முடிந்தது. மகளிர் மூவருக்கும் வாரிசு இல்லாததால், தந்தையின் உயிற்படி அச்செல்வம் முழுவதும் அவர் முன்னரே குறித்திருந்த அறநிலையங்களுக்குச் சென்றது. உயில் எழுதப்பட்ட காலத்தில் கத்தரீனின் சபை பிறக்கவேயில்லை. ஆகவே அப்பட்டியலில் அதன் பெயரும் இல்லை. அறுபதுக்கு மேற்பட்ட பள்ளிகளில் பணிபுரிந்த ஐந்நூறு சகோதரியரும், எழுபது ஆண்டுகளாகச் சுரந்த ஊற்று ஒரே நாளில் நின்றதைக் கண்டனர். அதன்பின் பிறர் உதவியை நாடியே அவர்கள் பணியைத் தொடர நேர்ந்தது. சில பள்ளிகள் காலப்போக்கில் மூடப்பட்டன. சில இன்றும் வாழ்கின்றன.

2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அவர்தம் தூய்மையில் குறையில்லை. ஆனால் ஒரே கையை நம்பிய கட்டடம் அக்கை ஓயும்போது தளரும் என்பதையும் அவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

குதிரை லாயத்தில் பிறந்த பள்ளி

இனி உலகின் மறுகோடிக்குச் செல்வோம். புனித மேரி மெக்கிலொப் 1842ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் பிறந்தார். குடும்பத்தில் வறுமை, மூத்த மகளான அவரே இளவயதில் உழைத்து வீட்டைத் தாங்கவேண்டியதாயிற்று. அருட்தந்தை சூலியன் தெனிசன் உட்ஸ் என்பாரின் தூண்டுதலால், 1866ஆம் ஆண்டு பெனோலா என்னும் சிற்றூரில் பயன்படாது கிடந்த ஒரு குதிரை லாயத்தைச் செப்பனிட்டு அதில் பள்ளி தொடங்கினார். புனித சூசையப்பர் சகோதரியர் சபை அங்கே முளைத்தது.

அச்சபையினர் சொத்துச் சேர்க்கவில்லை. மக்களின் ஈகையை நம்பியே வாழ்ந்தனர். கட்டணம் செலுத்த இயன்றோர் செலுத்தினர். இயலாதோரின் பிள்ளைகளும் அதே பலகையில், அதே வரிசையில் அமர்ந்தனர். காசில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பியனுப்பலாகாது என்பதே அவர்கள் விதி. ஐந்தே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட சகோதரியர் அவரோடு இணைந்தனர்.

இதற்கிடையே ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகள் ஒவ்வொன்றாய்ச் சமயப் பள்ளிகளுக்கு அளித்த நிதியை நிறுத்தின. விக்டோரியாவில் 1872ஆம் ஆண்டும், நியூ சவுத் வேல்சில் 1880ஆம் ஆண்டும் அதற்கான சட்டங்கள் பிறந்தன. கத்தோலிக்கர் பெரும்பாலும் ஐரிய நாட்டு வழிவந்த எளிய உழைப்பாளிகள். அரசுப் பள்ளிகளுக்காக வரியும் செலுத்தவேண்டும். தம் பிள்ளைகளின் பள்ளிக்கும் தாமே கொடுக்கவேண்டும். ஆயினும் அவர்கள் பள்ளிகளை மூடவில்லை. விருந்துகள், விற்பனை விழாக்கள், பரிசுச் சீட்டுகள், ஞாயிற்றுக் காணிக்கைகள் எனக் காசுகாசாய்ச் சேர்த்தனர். தச்சரும் கொத்தரும் ஓய்வு நாட்களில் கூலியின்றிச் சுவரெழுப்பினர். கற்பித்த சகோதரியரும் சகோதரரும் உண்டிக்கும் உறையுளுக்கும் மேல் எதுவும் பெறவில்லை. இவ்வாறு ஏறத்தாழ 80 ஆண்டுகள் அப்பள்ளிகள் நின்றன.

1962ஆம் ஆண்டு அப்பாரம் தாங்கொணாததாயிற்று. கோல்பர்ன் நகரில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி கூடுதலாக மூன்று கழிப்பிடங்கள் கட்டவேண்டுமென அதிகாரிகள் ஆணையிட்டனர். கட்டப் பணமில்லை. பெற்றோர் கூடி ஒரு முடிவெடுத்தனர். ஊரிலுள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. ஏறக்குறைய 2,000 பிள்ளைகள் அரசுப் பள்ளிகளின் வாசலில் இடம் கேட்டு நின்றனர். சுமார் 640 பேருக்கே இடம் கிடைத்தது. ஒரு வாரத்தில் பள்ளிகள் மீண்டும் திறந்தன. ஆனால் எளிய மக்கள் இத்தனை காலம் சுமந்த பாரம் எவ்வளவு என்பதை நாடு அன்றுதான் கண்டது. அடுத்த சில ஆண்டுகளில் அறிவியற் கூடங்களுக்கென அரசு நிதி வந்தது. பின்னர் அது பெருகியது. இன்று ஆஸ்திரேலிய மாணவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கப் பள்ளியில் பயிலுகின்றனர். 2010ஆம் ஆண்டு மேரி மெக்கிலொப் அந்நாட்டின் முதற் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நமக்கு என்ன?

அன்பு வாசகர்களே, இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நமக்குச் சில உண்மைகள் தெளிவாகின்றன.

பெருங்கொடையை இகழ வேண்டுவதில்லை. ஊரார் எவரும் எழுப்ப முன்வராத பள்ளியை ஒரு கத்தரீன் எழுப்பினார். ஆனால் பெருங்கொடை கட்டடத்தைத் தரும். சிறுகொடை ஆயுளைத் தரும். தன் காசு கலந்த சுவரை எவனும் இடியவிடான். மாதந்தோறும் சிறு தொகை அளிக்கும் குடும்பம், பள்ளியின் கணக்கைக் கேட்கும்; அதன் தேர்ச்சியைக் கேட்கும்; அதன் குறையைத் தன் குறையாக எண்ணும். ஆகவே கொடுப்போருக்குக் கணக்கை வெளிப்படையாய் வாசித்துக் காட்டுவது நிருவாகத்தின் கடமை.

ஆசிரியரின் தியாகத்தை நம் சிக்கனத்துக்குச் சாக்காகக் கொள்ளலாகாது. ஊதியமின்றி உழைக்கத் துறவியர் முன்வந்தனர். நாம் அதைப் பழக்கமாக்கிக்கொண்டோம். இன்று நம் பள்ளிகளில் பெரும்பாலும் குடும்பம் உள்ள பொதுநிலை ஆசிரியர்களே பணிசெய்கின்றனர். அவர்களுக்கு நியாயமான ஊதியம் அளிப்பது தருமமன்று, நீதி.

எல்லாவற்றுக்கும் மேலாக, காணிக்கை எதற்காக என்பதை நாம் மறவாதிருப்போம். பங்கு மக்களின் பணத்தில் எழுந்த பள்ளியின் வாசலில், கட்டணம் கட்ட இயலாத கூலித் தொழிலாளியின் பிள்ளை தலைகுனிந்து நிற்குமானால், அக்கட்டடம் எத்தனை மாடியாய் உயர்ந்தாலென்ன? அப்பிள்ளைக்கு உள்ளே ஓர் இடம் இருக்கும்வரையில்தான் அது நம் பள்ளி.

எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த ஆண்டவர், செல்வர் பலர் மிகுதியாய் இட்டதையும் கண்டார். ஏழைக் கைம்பெண் இரண்டு செப்புக் காசுகள் இட்டதையும் கண்டார். அவர் கண்கள் இன்றும் காண்கின்றன. அடுத்த ஞாயிறு காணிக்கைத் தட்டு நம் வரிசைக்கு வரும்போது, முணுமுணுப்பை விடுத்து, நம் பள்ளியில் இடம் தேடி நிற்கும் ஒரு பிள்ளையின் முகத்தை நினைத்துக் கையை நீட்டுவோமாக!