வீட்டுக்கு ஒன்று கொண்டுவரலாம். கடைக்குக் கொண்டுவந்தால் சிறை!

வளைகுடா நாட்டில் இரண்டு, மூன்று ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவரின் பெட்டியில் என்னென்ன இருக்கும்? மனைவிக்குச் சேலை, பிள்ளைகளுக்குச் சாக்லேட், அம்மாவுக்குக் கோடாலித் தைலம், நண்பர்களுக்குச் சென்ட். ஒரு காலத்தில் இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. 1980-களில் அது வீடியோ கேசட். பிறகு வி.சி.டி. அதன் பிறகு டி.வி.டி.

மும்பை சகார் விமான நிலையத்தில் இறங்கி, தாதரிலோ வி.டி.யிலோ ரெயில் பிடித்து ஊருக்குப் போன தமிழர்கள் ஏராளம். விமான நிலையத்தில் அவர்கள் நெஞ்சு படபடத்ததற்கு ஒரு காரணம் உண்டு. "பெட்டியைத் திறக்கச் சொன்னால், உள்ளே இருக்கும் திருட்டு சி.டி.க்கு என்ன பதில் சொல்வது?" என்பதுதான் அது.

சட்டம் சொல்வது என்ன? விவரம் வருமாறு:-

ஒரு படம், ஒரு நகல்

பதிப்புரிமைச் சட்டம் 1957-ம் ஆண்டு இயற்றப்பட்டது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எடுத்த நகலை இந்தியாவுக்குள் கொண்டுவருவது உரிமை மீறல் என்று அதன் 51-வது பிரிவு கூறுகிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. கொண்டுவருகிறவர் தம் சொந்த வீட்டு உபயோகத்துக்காக ஒரு படைப்பின் ஒரே ஒரு நகலைக் கொண்டுவந்தால், அப்படிக் கொண்டுவந்தது மீறல் ஆகாது.

பத்துப் படங்களில் ஒவ்வொரு நகல் என்பது வேறு. ஒரே படத்தில் பத்து நகல் என்பது வேறு. ஒரே படத்தைப் பத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, "வீட்டில் பார்க்கத்தான்" என்றால் யார் நம்புவார்கள்?

போலிச் சரக்குகளைத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நிறுத்திவைக்க, சுங்க இலாகாவுக்கு 2007-ல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. வியாபார நோக்கம் இல்லாமல் பயணியின் சொந்தப் பெட்டியில் வரும் பொருட்களுக்கு அந்த விதிகள் பொருந்தா என்று அவற்றிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

இதனால் திருட்டு சி.டி. நல்ல சி.டி. ஆகிவிடாது. படம் எடுத்தவருக்கும், அதில் உழைத்த தொழிலாளிக்கும் அதனால் ஒரு காசு வராது. ஆனால் சட்டம் விரட்டிப் பிடிக்க நினைப்பது வீட்டுக்காரரை அல்ல, வியாபாரியைத்தான்.

புறப்படும் நாளில் வரும் பொட்டலம்

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஊருக்குப் புறப்படும் நாளில் அறைக்கு ஒருவர் வருவார். "அண்ணே, ஊரிலே என் மச்சான் கடை வைத்திருக்கிறான். இந்தப் பொட்டலத்தை அவனிடம் கொடுத்துவிடுங்கள். படம்தான், வேறொன்றும் இல்லை" என்பார். ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்ட பழக்கம். மறுக்க மனம் வராது.

அந்தப் பொட்டலத்தில் ஒரே ஒரு தட்டு இருந்தாலும் அது வீட்டு உபயோகம் ஆகாது. கடைக்காரருக்குத் தேவையே அந்த ஒன்றுதான். அதிலிருந்து ஆயிரம் நகல் எடுத்துவிடுவார்!

தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2004-ல் தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களும் சேர்க்கப்பட்டார்கள். மராட்டிய மாநிலமும் 2009-ல் தன் தடுப்புக் காவல் சட்டத்தில் அவர்களைச் சேர்த்தது.

"பொட்டலம் என்னுடையது அல்ல" என்று சொன்னால் மட்டும் தப்பிவிட முடியாது. பெட்டியில் உள்ளதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர், அதைக் கொண்டுவந்தவர்தான். விடுமுறையில் வந்தவர் வழக்கில் மாட்டினால் திரும்பும் தேதி தவறும். தேதி தவறினால் விசா போகும், வேலை போகும். கொடுத்தனுப்பியவரோ அக்கரையில் சுகமாக இருப்பார்.

நாய்க்குத் தெரியாதது

2007-ல் மலேசியாவில் திருட்டு டி.வி.டி.களைக் கண்டுபிடிக்க லக்கி, புளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்களை இறக்கினார்கள். தட்டு செய்யப் பயன்படும் பிளாஸ்டிக்கின் வாசனையை மோப்பம் பிடிக்க அவற்றுக்குப் பயிற்சி தரப்பட்டிருந்தது. மூடிய பெட்டிக்குள் தட்டு இருப்பதை அவை கண்டுபிடித்தன. ஆனால் அது அசலா, திருட்டா என்பது அவற்றுக்குத் தெரியாது. யாருக்காகக் கொண்டுபோகிறார்கள் என்பதும் தெரியாது.

அது தெரிந்தவர் பெட்டிக்கு உரியவர் ஒருவர்தான்.

இன்று சி.டி. போய் பென் டிரைவ் வந்துவிட்டது. பொட்டலம் நீட்டும் நண்பர்கள் மட்டும் மாறவில்லை. "உள்ளே என்ன? யாருக்கு?" என்ற இரண்டு கேள்விகளையும் அறையிலேயே கேட்டுவிடுவது நல்லது. சுங்க அதிகாரி கேட்கும்போது யோசித்துப் பயன் இல்லை.