லாக் அவுட் பட்டன் இல்லாத உலகம்: விஆர் கேம் நாவல்கள் இளசுகளைப் பற்றிச் சொல்வது என்ன?

2022 நவம்பர் 6. பால்மர் லக்கி என்ற அமெரிக்கர், தான் செய்த புது விஆர் ஹெட்செட் பற்றி இணையத்தில் ஒரு பதிவு போட்டார். கேமில் நீங்கள் செத்தால், நெற்றிப் பக்கம் வைத்திருக்கும் வெடிமருந்து வெடித்து நிஜத்திலும் காலி! 'இப்போதைக்கு இது ஒரு கலைப்பொருள்தான், நானே மாட்டிப் பார்க்கத் துணியவில்லை' என்ற ரீதியில் விளக்கமும் கொடுத்திருந்தார். யார் இவர்? 2014இல் ஃபேஸ்புக் சுமார் 200 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஓக்குலஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

அந்தத் தேதிக்கு என்ன விசேஷம்?

ரெகி கவஹரா எழுதிய ஜப்பானிய நாவல் தொடர் 'சுவார்ட் ஆர்ட் ஆன்லைன்'. 2009இல் புத்தகம், 2012இல் அனிமே. கதைப்படி இதே நாளில்தான் 10,000 பேர் ஒரு விஆர் கேமுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். திடீரென்று லாக் அவுட் பட்டனைக் காணோம். 100 தளங்களையும் ஜெயித்தால்தான் விடுதலை. ஹெட்செட்டை யாராவது கழற்றினாலும் உயிர் போய்விடும்.

ஆனா கதையில் நிஜமாகவே பயமுறுத்துவது அது இல்லை. நாளாக ஆக, உள்ளே இருப்பவர்கள் வீடு வாங்குகிறார்கள், காதலிக்கிறார்கள், கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்கிறார்கள். வெளியே போகணும் என்ற எண்ணமே பலருக்கு மங்கிப்போகிறது.

ஏன் உள்ளேயே கிடக்கிறார்கள்?

இதற்கு நல்ல பதில் எர்னஸ்ட் கிளைன் 2011இல் எழுதிய 'ரெடி பிளேயர் ஒன்' நாவலில் இருக்கிறது. 2018இல் ஸ்பீல்பெர்க் படமாக்கினாரே, அதேதான். ஹீரோ வேட் அம்மா அப்பா இல்லாத பையன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய டிரெய்லர் வீடுகளில், சித்தி வீட்டில் ஒண்டிக்கொண்டு இருக்கிறான். ஒயாசிஸ் என்ற விஆர் உலகத்தில்தான் அவனுக்கு நண்பர்கள், மரியாதை எல்லாம். நாவலில் பள்ளிக்கூடமே அங்கேதான். இப்படிப்பட்ட பையனிடம் 'அதைக் கழற்றிட்டு வெளியே போய் விளையாடு' என்று சொன்னால், எங்கே போவான்?

படத்தின் முடிவில் செவ்வாய், வியாழன் இரண்டு நாள் ஒயாசிஸுக்கு லீவு விடுகிறார்கள். வெளியே அந்த டிரெய்லர் வீடுகள் என்ன ஆச்சு என்று படம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அங்கேதான் கொஞ்சம் சறுக்கல்.

நிஜத்தில் லீவு விட்டுப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆடத் தென்கொரியா 2011இல் தடை போட்டது. பத்து வருடம் கழித்து, 2021இல் அதை ரத்து செய்வதாக அறிவித்தது. அதே 2021இல் சீனா, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அப்போ எது அடிமைத்தனம்?

உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் குறைபாடு' இருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று அதில் கணக்கு எதுவும் இல்லை. நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேமே முக்கியமாகிவிடுவது, படிப்போ உறவோ கெட்டாலும் தொடர்வது... இவையெல்லாம் பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். லீவு நாளில் விடிய விடிய ஆடும் பையனை உடனே நோயாளி ஆக்கிவிட வேண்டாம்.

கடைசியா ஒரு தகவல். ஓக்குலஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு காலத்தில் ஒரு புத்தகம் கொடுப்பார்களாம். எது தெரியுமா? 'ரெடி பிளேயர் ஒன்'!