வயிறு தெரியாத மூன்று மாதம்

நாள் தள்ளிப்போன மறுநாள் காலை. மருந்துக்கடையில் வாங்கிய பட்டையில் சில துளி சிறுநீர் விட்டதும் இரண்டாவது கோடு மெல்லச் சிவக்கிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் மருத்துவர் கணக்குப்படி இது நான்காவது வாரம். கருவின் உண்மையான வயதோ இரண்டே வாரம். அளவு ஒரு கசகசா. அதற்குள் அது தாயின் மாதவிலக்கையே நிறுத்திவிட்டது!

எப்படி? கருமுட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையில், கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறத் தற்காலிகச் சுரப்பி உருவாகிறது. கருப்பையின் உட்சுவரை உதிராமல் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இதிலிருந்துதான் சுரக்கிறது. சுரப்பியின் ஆயுள் சுமார் 14 நாள். அது வாடினால் உட்சுவர் உதிரும், மாதவிலக்கு வரும். ஆனால் கரு சுவரில் பதிந்த கையோடு ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. வாடவிருந்த சுரப்பி பிழைத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் இந்த ஹார்மோனைத்தான் பட்டையின் கோடு காட்டிக்கொடுக்கிறது.

அடுத்தது இன்னும் விசித்திரம். நஞ்சுக்கொடி உருவானதும் தாயின் ரத்தம் அதற்குள் பாயும் என்றுதானே நினைப்போம்? முதல் சில வாரங்களுக்குப் பாய்வதில்லை. கருவிலிருந்து வந்த செல்களே தாயின் ரத்தக்குழாய் வாய்களை அடைத்துக்கொள்கின்றன. கருப்பைச் சுவரின் சுரப்பிகள் கசியவிடும் சத்துநீரே அப்போது உணவு. ஆக்சிஜன் மிகக் குறைவு. இதயமும் மூளையும் விரல்களும் உருப்பெறும் நேரத்தில் ஆக்சிஜன் கூடினால் செல்கள் சேதமாகும் என்பதால்தான் இந்த ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 10 முதல் 12 வாரத்துக்குள் அடைப்புகள் விலக, ரத்தம் பாயத் தொடங்குகிறது. எட்டாம் வாரத்தோடு ஒப்பிட்டால், 12-ஆம் வாரத்தில் நஞ்சுக்கொடியில் ஆக்சிஜன் இரண்டு மடங்குக்கும் மேல்.

இத்தனையும் உள்ளே நடக்க, வெளியே தெரிவது மசக்கை மட்டுமே. நேற்றுவரை பிடித்திருந்த தாளிப்பு வாசனை இன்று குமட்டுகிறது. சோறு கொதிக்கும் ஆவி பட்டாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. ‘எல்லாம் மனசுதான், திடமா இரு’ என்று பல தலைமுறைப் பெண்களுக்குச் சொல்லப்பட்டது. அது அநியாயம். சிலருக்குத் தண்ணீர்கூடத் தங்காது. உடல் வற்றிப்போய், மருத்துவமனையில் சேர்த்து ரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்ற வேண்டிவரும்.

அமெரிக்க மரபியலாளர் மார்லினா ஃபெஜ்ஸோ இந்தக் கொடுமையைத் தாமே பட்டவர். 1999-ல், கடும் வாந்தியால் நகரக்கூட முடியாமல் கிடந்து, 15-ஆவது வாரத்தில் குழந்தையை இழந்தார். அதன் பிறகு காரணத்தைத் தேடத் தொடங்கினார். கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓராஹிலி குழுவினருடன் அவர் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, ஜி.டி.எஃப்.15 என்ற புரதத்தைக் கைகாட்டியது. கர்ப்பத்தில் இதைப் பெருமளவு அனுப்புவது குழந்தையின் பக்கம்தான். இதை உணரும் ஏற்பி மூளையின் அடிப்பகுதியில், வாந்தியைத் தூண்டும் இடத்தில் இருக்கிறது. ரத்தத்தில் நஞ்சு கலந்தால் கண்டுபிடிக்க வேண்டிய இடம் அது. அதனால் ரத்தத்திலிருந்து மூளையைப் பொதுவாகப் பிரித்துக் காக்கும் தடுப்பு அங்கே கிடையாது.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் ஒரே அளவு மசக்கை இல்லை? கர்ப்பத்துக்கு முன் இந்தப் புரதம் யாருக்குக் குறைவோ, அவர்கள் உடல் திடீர் வெள்ளத்தில் அதிகம் தவிக்கிறது. பீட்டா தலசீமியா என்ற ரத்தக் குறைபாடு உள்ள பெண்களுக்கு வாழ்நாள் முழுக்க இதன் அளவு அதிகம். அவர்களுக்கு மசக்கை அரிதாகவே வருகிறது! கர்ப்பம் தரிக்கும் முன்பே உடலை இந்தப் புரதத்துக்குப் பழக்கிவிட்டால் கடும் வாந்தியைத் தடுக்கலாமா என்ற தேடல் இங்கிருந்துதான் பிறந்திருக்கிறது.