எருமைக்குள் இரண்டு பேர்

உள்ளே விட்டுவிட்டார்கள்! நாடகம் பார்க்க யார் வேண்டுமானாலும் போகலாம். வேஷம் கட்டும் அறைக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்க எல்லாருக்கும் வாய்க்குமா? எனக்குப் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "ஓரமா இரியும். எருமை திரும்புற எடத்துல மட்டும் நிக்கப்பிடாது."

எருமையா? எருமையேதான். ஷார்ஜாவில் ரோலா சதுக்கத்துக்குப் பின்னால், கீழே கார்கோ கடையும் நகைக்கடையும் இருக்கிற பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் அது தயாராகிக்கொண்டிருக்கிறது. கட்டில்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டார்கள். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிதான் எருமைக்கு உடம்பு. தையற்கடையில் வெட்டி விழுந்த கறுப்புத் துணி அதற்குத் தோல். கொம்பைப் பார்த்துத்தான் நான் கைதட்டினேன். ஏ.சி. குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம், உள்ளே கம்பி வைத்து வளைத்திருக்கிறார்கள். ஏ.சி. மெக்கானிக் தம்பி ஒருவரின் கைவண்ணம். வால் மட்டும் இன்னும் முடியவில்லை. ஷூ லேஸா, கயிறா என்று ஒரு கட்சி பேசிக்கொண்டிருக்கிறது.

இந்த எருமையின் மேல் பின்பக்கம் பார்த்தபடி உட்காரப்போகிறவர் ஒரு புனிதர். கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டபிள்ளை, பிற்பாடு தேவசகாயம். அவருடைய திருநாள் ஜனவரி 14. பொங்கலும் அதையொட்டியே வரும். வளைகுடாவில் திருநாள் எந்தக் கிழமையில் விழுந்தாலும் கொண்டாட்டத்தை விடுமுறைக்கு நகர்த்திக்கொள்வார்கள். ஷார்ஜாவில் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விடுமுறை. ஆனால் இந்த அறையில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் அந்த மூன்று நாளும் டியூட்டிக்குப் போகிறவர்கள்! அதனால்தான் ஒத்திகை எப்போதும் இரவில், ஆள் குறைந்த நிலையில். இன்றைக்கு மந்திரி வரவில்லை. அவருக்கு ஓவர்டைம்.

நம்மூர்ப் பக்கம் வாசகப்பா நாடகம் என்றால் விடிய விடிய நடக்கும். பாதியில் தூங்கி, எழுந்து, கடலை கொறித்துவிட்டு மறுபடி பார்த்தாலும் ஏரோது இன்னும் வசனம் பேசிக்கொண்டிருப்பான். இங்கே மொத்தம் இருபத்தைந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு புனிதரின் பிறப்பு, மனமாற்றம், சிறை, சாவு எல்லாம் முடிய வேண்டும். இயக்குநர் அண்ணாச்சி, பகலில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர், சிவப்புப் பேனாவோடு திரிகிறார். "குழந்தைப் பருவம் வேண்டாம், வெட்டு. பாட்டு ரெண்டு வேண்டாம், ஒண்ணு போதும். மன்னர் மேடைக்கு வரண்டாம், திரைக்குப் பின்னால கொரல் மட்டும் வரட்டும்." மன்னர் வேஷத்துக்காக மீசை வளர்த்து வைத்திருந்தவர் முகம் விழுந்துவிட்டது. பாவம், அந்த மீசையோடு அவரைப் படைவீரராக்கிவிட்டார்கள்.

முதல் காட்சி. நீலகண்டபிள்ளை மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை அதிகாரி. வீட்டில் மாடுகள் சாகின்றன, பயிர் போய்விட்டது. கதாநாயகன் உள்ளே வருகிறார். ஒரு கட்டுமான கம்பெனியில் ஃபோர்மேன். கையைக் கூப்பி, கண்ணை மேலே செருகி, காலண்டர் படம் மாதிரி நிற்கிறார். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"மக்கா, நீ இன்னும் புனிதர் ஆவல. அதுக்கு இன்னும் இருவது நிமிஷம் கெடக்கு. இப்ப ஒனக்கு மாடு செத்துப்போச்சு. அதை மட்டும் நெனை."

"எனக்கு மாடே கெடையாதே அண்ணாச்சி."

"சம்பளம் வராத மாசம் இருந்துருக்கா?"

அறையில் சட்டென்று எல்லாரும் சிரித்தார்கள். ஃபோர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி வெளியே போய் உள்ளே வந்தார். தோள் தொங்கிவிட்டது, கை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டது. அட! அதுதான் நடிப்பு. புனிதர்களைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மாடு செத்த கவலையில்தான் ஒருவருடைய புனிதம் ஆரம்பித்தது என்று இந்தக் கட்டில்களுக்கு நடுவேதான் எனக்கு உறைத்தது.

இனி டிலனாய் வர வேண்டும். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தவர். கவலையோடு வந்த நீலகண்டருக்கு யோபுவின் கதையைச் சொன்னது இவர்தான். வெள்ளைக்காரனுக்கு எங்கே போவது? பங்கிலுள்ள ஒரு பிலிப்பினோ நண்பரைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்! அவருக்கு நாலு வரி வசனம், ஆங்கில எழுத்தில் எழுதி, உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். "யோபு எல்லாவற்றையும் இழந்தார்" என்பதை "யோபு எல்லாவற்றையும் இழுத்தார்" என்று அவர் சொன்னபோது எருமையின் முன்பாதி தரையில் உருண்டது. "விடுங்க, டச்சுக்காரன் தமிழ் அப்படித்தான் இருந்துருக்கும்" என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார். திருத்தவே இல்லை.

சுலைமானி வந்தது. கூடவே ஏத்தன்பழச் சிப்ஸ். அந்த இடைவேளையில்தான் சண்டையும் வந்தது. பழைய பிரதியில் முதலிலிருந்து கடைசிவரை 'தேவசகாயம்பிள்ளை' என்றே இருந்தது. நம் தாத்தா பாட்டிகள் அப்படித்தானே சொல்வார்கள். ஆனால் புனிதர் பட்டத்துக்கான வேலை நடந்தபோது, சாதிப் பெயர் வேண்டாம் என்று வேண்டுகோள் போக, 2020-ல் வத்திக்கான் 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. "ஊர்ல எல்லாரும் சொல்லுற பேரை எப்படி மாத்துறது?" என்றார் ஒருவர். "அவரு எல்லார் கூடயும் ஒண்ணா இருந்து சாப்பிட்டதுனாலதானே அவ்வளவு அடியும் வாங்குனாரு, அந்த வாலை மறுபடி ஏன் ஒட்டணும்?" என்றார் இன்னொருவர். கொஞ்சம் சூடாகவே போனது. கடைசியில் வந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது: 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கும்வரை நீலகண்டபிள்ளை, தண்ணீர் தலையில் விழுந்த பிறகு வெறும் தேவசகாயம். ஒரே மேடையில் ஒரே ஆள்.

படைவீரர் உடை தைக்கிறவர் கீழேயே கடை வைத்திருக்கும் பாகிஸ்தான்காரர். சிவப்புத் துணியை விரித்தபடி "கல்யாணமா?" என்று கேட்டார். இல்லை, ராணுவம் என்றோம். எந்த நாட்டு ராணுவம்? திருவிதாங்கூர். நூறு தடவை அந்தப் படைக்குத் தைத்தவர் போலத் தலையாட்டிவிட்டு, கழுத்தளவு எடுக்க ஆரம்பித்தார்.

எருக்கம்பூ மாலை கதைக்கு வருவோம். தேவசகாயத்தைக் கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் திருப்பி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பது கதையின் உயிர். பிளாஸ்டிக் பூவுக்கு ஏற்பாடு செய்தாயிற்று. அப்போது டெலிவரி வண்டி ஓட்டும் தம்பி சொன்னார்: "எருக்கு இங்கயே கெடக்கே அண்ணே, தைத் போற ரோட்டுல." நம்பவில்லை யாரும். போய்ப் பார்த்தால், மணல்மேட்டின் ஓரம் ஆள் உயரத்துக்குச் செழித்து நிற்கிறது! வேறு எதுவும் முளைக்காத இடத்தில் எருக்கு மட்டும் கம்பீரமாக. ஊர் எருக்கு இல்லை, கொஞ்சம் வேறு வகை. இதழ் வெள்ளை, நுனியில் மட்டும் கரும் ஊதா. கிள்ளினால் அதே பால், கையில் அதே பிசுபிசுப்பு. "கண்ணுல படாமப் பாத்துக்கோ" என்று ஆளுக்கு ஆள் எச்சரித்துக்கொண்டு பறித்தோம். பூ பைக்குள் போய்ச் சேர்ந்தபோது யாரோ மெதுவாக ஒரு கணக்குப் போட்டார்: தேவசகாயத்தோடு ஒரே நாளில், 2022 மே 15 அன்று, ரோமில் புனிதர் பட்டம் பெற்ற பத்துப் பேரில் சகாரா பாலைவனத்தில் வாழ்ந்த சார்லஸ் டி ஃபூக்கோவும் ஒருவர். பாலைவனத்துக்காரர் ஒருவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார், பார்த்தீர்களா!

விழா நாள். யார்முக் பகுதியில் இருக்கிறது புனித மிக்கேல் ஆலயம். அந்த வட்டாரமே கோயில்கள் நிறைந்தது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கோயில், ஆர்மீனியர் கோயில், இன்னும் பல சபைகள். நம் பங்கில் ஆங்கிலம், மலையாளம், தமிழ், டாகாலோக், கொங்கணி, அரபி என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நேரம். அதனால் அரங்கம் கிடைப்பது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைப்பது மாதிரி. ஒரு கூட்டம் எழுந்திருக்கும்போதே அடுத்தவர் துண்டைப் போட்டுவிட வேண்டும். உள்ளே நம் ஆட்கள் செட் போடும்போதே, வெளியே இன்னொரு மொழிப் பாடகர் குழு மைக் எப்போது கிடைக்கும் என்று எட்டிப் பார்க்கிறது.

மேடைக்குப் பின்னாலுள்ள அறைக்கு வாருங்கள். குனிந்து வாருங்கள், கிறிஸ்துமஸ் குடிலின் ஒட்டகம் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. பவுடர் புகை. மூன்று பேர் ஒரே கண்ணாடியில் மீசை வரைகிறார்கள். பி.வி.சி. குழாய்த் துப்பாக்கிகள் மூலையில். அடிபட்ட உடம்பில் மிளகாய்ப்பொடி பூசும் காட்சிக்குச் சிவப்புச் சாயம் கலந்த அரிசி மாவு ஒரு கிண்ணத்தில். பசியில் இருந்த சிறுவன் ஒருவன் அதை நக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். ஞானப்பூ, அதாவது தேவசகாயத்தின் மனைவி, முழு மேக்கப்பில், நகையோடு, நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்குகிறார். நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து நேரே வந்தவர். வசனம் முழுக்க டியூட்டி பஸ்ஸில் மனப்பாடம் பண்ணியது. "எழுப்பாதே, அவங்க சீனுக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு" என்று எருமையின் பின்னங்கால் காவல் காத்தது. காவல்காரருக்கே முழங்கால் வலி. இடிந்தகரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முன்னங்காலுக்கு மாற்றித் தருகிறோம் என்றாலும் கேட்கவில்லை: "முன்னாடி உள்ளவன் வழி தெரிஞ்சு நடப்பான். பின்னாடி உள்ளவன்தான் புனிதரைக் கீழ போடாமக் கொண்டு போவணும்."

சுவரில் ஒரு பழைய பேனர். 2023 அக்டோபரில் தொடங்கி ஓர் ஆண்டு நடந்த யூபிலியுடையது. நஜ்ரானில் 523-ல் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட புனித அரேத்தாவும் தோழர்களும். இன்றைய சவுதியின் தெற்கு எல்லையில் இருக்கிறது அந்த ஊர். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு நிறைவு. அரேத்தா துறவியோ குருவோ இல்லை, ஊர்ப் பெரியவர், குடும்பஸ்தர். அந்தப் பேனருக்குக் கீழேதான் நம் ஃபோர்மேன் தலைப்பாகையை அவிழ்த்து, சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். இவர் வேஷம் கட்டும் தேவசகாயமும் குடும்பஸ்தர்தான். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். அரண்மனை வேலைக்காரர், மனைவி உள்ளவர். வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் ஒரு கூட்டத்துக்கு இவரைவிடப் பொருத்தமான புனிதர் கிடைப்பாரா என்ன?

திரை விலகியது. எல்லாம் நன்றாகத்தான் போனது, எருமை மேடைப் படியில் தடுக்கியதைத் தவிர. சனங்கள் அதையும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். சிறையில் ஞானப்பூ விடைபெறும்போது முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தூங்கி எழுந்த அந்தச் சிவந்த கண் எவ்வளவு உதவியது தெரியுமா! புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் அவர் கையால் இடித்த பாறையில் தண்ணீர் வந்ததாக நம் சனங்கள் சொல்வார்களே, அந்தக் காட்சிக்குப் பாறைக்குப் பின்னால் ஒரு சிறுவன் தண்ணீர் பாட்டிலோடு ஒளிந்திருந்தான். பதற்றத்தில் பாட்டிலை அமுக்கியதில் புனிதருக்கு முகமே கழுவியாயிற்று.

கடைசிக் காட்சி, காற்றாடிமலை, 1752 ஜனவரி 14. துப்பாக்கிச் சத்தம் போடக் கூடாது என்று முன்பே முடிவு. சின்னப் பிள்ளைகள் பயப்படும், அக்கம்பக்கத்துக்கும் சரியில்லை. திரைக்குப் பின்னால் ஒரு பிளைவுட் பலகையை நிமிர்த்திப் பிடித்து, கையை விட்டார் தச்சர் ஒருவர். தரையில் விழுந்த அந்த ஒற்றைச் சத்தத்தில் நானே துள்ளிவிட்டேன், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தும்.

கைதட்டல் அடங்குவதற்குள் "அரங்கத்தைச் சுத்தமா ஒப்படைக்கணும்" என்று குரல் வந்துவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் செத்துக் கிடந்தவர் துடைப்பத்தோடு அரிசி மாவைப் பெருக்குகிறார். டிலனாய் நாற்காலி அடுக்குகிறார். மந்திரி அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவர் பங்குக்கு எருமையைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் பாதையில்தான் ஆரல்வாய்மொழி, காற்றாடிமலை அங்கேதான். தக்கலைப் பக்கம் போனால் புலியூர்க்குறிச்சிப் பாறையையும் பார்த்துவிடலாம். மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.