சியோலில் இலைகள் நிறம் மாறும் காலம்

தென்கொரியாவின் தலைநகரான சியோலில் இலையுதிர் காலம் செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. ஆனால் இந்த மூன்று மாதங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. செப்டம்பரில் கோடையின் புழுக்கம் முழுவதும் விலகியிருக்காது. பசிபிக்கில் கிளம்பும் புயல் சில ஆண்டுகளில் கொரியத் தீபகற்பத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். அக்டோபரில் வடக்கிலிருந்து வறண்ட காற்று இறங்க, வானம் பளிச்சென்று தெளிகிறது. பகலில் 20 டிகிரி செல்சியஸ், இரவில் 10 டிகிரி என்ற அளவில் நடப்பதற்கென்றே அமைந்த மாதம் அது. நவம்பர் நடுவில் பகல் வெப்பம் 12 டிகிரியை ஒட்டி நிற்கும். கடைசி வாரத்தில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழேயும் போகும்.

சிவப்பும் மஞ்சளுமாக மின்னும் படங்களைப் பார்த்துவிட்டுச் செல்பவர்கள் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். பள்ளிகளின் காலாண்டு விடுமுறையை நம்பி அக்டோபர் முதல் வாரத்தில் போய் இறங்கினால், சியோல் அரண்மனைத் தோட்டங்கள் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும். வானிலை அருமையாக இருக்கும், நிறம் இருக்காது. நகருக்குள் நிறம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் நவம்பர் முதல் இரண்டு வாரங்களில். தீபாவளி நவம்பரில் வரும் ஆண்டுகளில் அந்த விடுமுறையை ஒட்டிச் செல்வோருக்கு அதிர்ஷ்டம் அதிகம்.

நிறமாற்றம் வடக்கிலிருந்து தெற்காகவும், மலை உச்சியிலிருந்து அடிவாரம் நோக்கியும் நகர்கிறது. வடகிழக்கிலுள்ள சொராக்சான் மலையின் உச்சியில் செப்டம்பர் கடைசியிலேயே அது தலைகாட்டிவிடும். இரவுக் குளிர் கூடி, பகல் பொழுது சுருங்கும்போது மரம் இலைகளுக்குச் செலவிடுவதை நிறுத்திக்கொள்கிறது. பச்சையம் சிதைய, அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சிவப்பின் கதை வேறு. அது ஏற்கெனவே இருந்தது அல்ல. இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு மரம் புதிதாக உண்டாக்கும் ஆந்தோசயனின் நிறமி. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்த ஆண்டில் மேப்பிள் மரங்களின் சிவப்பு அடர்ந்து நிற்கும். மழையும் மேகமும் நீடித்த ஆண்டில் மங்கிவிடும். ஒரு மலையில் ஐந்தில் ஒரு பங்கு நிறம் மாறினால் தொடக்கம், ஐந்தில் நான்கு பங்கு மாறினால் உச்சம் என்று கொரியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதற்கான முன்கணிப்புகள் ஆண்டுதோறும் செப்டம்பரில் வெளியாகும். பயணத் தேதியை முடிவு செய்யும் முன் அவற்றைப் பார்ப்பது நல்லது.

சியோலுக்குள் நிறம் முதலில் இறங்கும் இடம் புக்கான்சான் மலை. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தின் எல்லையிலேயே, மெட்ரோ ரயிலில் போய் இறங்கும் தூரத்தில் ஒரு தேசியப் பூங்கா இருப்பது உலகத் தலைநகரங்களில் அபூர்வம். 1983இல் தேசியப் பூங்காவான இம்மலையின் உயரமான சிகரம் பெக்குந்தே. உயரம் 836 மீட்டர். கருங்கல் பாறைகளாலான உச்சியின் கடைசிப் பகுதியில் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அதற்குத் துணியாதவர்கள் 1711இல் கட்டப்பட்ட மலைக்கோட்டை மதிலை ஒட்டிய பாதைகளில் நடந்து திரும்பலாம். அக்டோபர் கடைசி வாரத்துச் சனி, ஞாயிறுகளில் வண்ண வண்ண மலையேற்ற உடையணிந்த அறுபது, எழுபது வயதுக்காரர்கள் கூட்டங்கூட்டமாக ஏறுவதும், இறங்கியதும் அடிவாரக் கடைகளில் மக்கொல்லி என்ற அரிசிக் கள்ளுடன் உட்கார்ந்துவிடுவதும் இலைகளுக்கு ஈடான காட்சி. நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு காட்டுத்தீ அபாயத்தால் சில பாதைகள் மூடப்படும்.

அவ்வளவு உயரம் வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய நகர மதில் இருக்கிறது. ஜோசன் வம்சத்தை நிறுவிய யி சொங்கே 1394இல் தலைநகரை இங்கே மாற்றினார். இரண்டு ஆண்டுகள் கழித்து நகரைச் சுற்றியுள்ள நான்கு மலைகளை இணைத்து ஏறத்தாழ 18.6 கிலோமீட்டருக்கு மதில் எழும்பியது. வேலையை 97 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு வட்டாரத்தாரிடம் ஒப்படைத்தார்கள். கட்டியவர்களின் ஊர்ப்பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது. சுவர் சரிந்தால் யாரைப் பிடிப்பது என்பதில் குழப்பம் இருக்கக் கூடாதல்லவா! அந்த எழுத்துகளில் சில இன்றும் தெரிகின்றன. மதிலின் கிழக்குப் பகுதியான நாக்சான் குன்று ஏறுவதற்கு எளிது, மாலை நடைக்கு ஏற்றது. மேற்கே இன்வாங்சானிலிருந்து பார்த்தால் அரண்மனைகளும் அடுக்குமாடிகளும் ஒரே சட்டகத்தில் அகப்படும். வடக்கிலுள்ள புகாக்சான் பகுதி, 1968இல் வடகொரியக் கமாண்டோக்கள் அதிபர் மாளிகையைத் தாக்க ஊடுருவியதற்குப் பிறகு நெடுங்காலம் மூடிக்கிடந்தது. அங்குள்ள மதில் பாதை 2007இல்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

அரண்மனைகளில் கியோங்போக்குங்கிற்குத்தான் கூட்டம் அதிகம். 1395இல் கட்டப்பட்டு, 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, ஏறத்தாழ 270 ஆண்டுகள் பாழாகக் கிடந்து, 1867இல் மீண்டும் எழுப்பப்பட்டது அது. காலனி ஆட்சியில் பெரும்பகுதி இடிக்கப்பட, 1926இல் அதன் முற்றத்திலேயே ஜப்பானியர்கள் தங்கள் ஆட்சித் தலைமையகத்தைக் கட்டிவைத்தார்கள். அந்தக் கட்டடத்தை விடுதலையின் ஐம்பதாம் ஆண்டான 1995இல் தகர்க்கத் தொடங்கினர். இன்று காண்பதில் பெரும்பகுதி மறுகட்டுமானம். தேர்வடம் போட்டு இழுத்தாற்போல் நேர்கோட்டில் அமைந்த வாயில்களும் கல் பாவிய அகன்ற முற்றங்களும் கம்பீரமானவைதான். ஆனால் முன்பகுதியில் மரங்கள் குறைவு. இலைகளுக்காக வந்தவர்கள் பின்புறத் தாமரைக் குளத்து மண்டபமான ஹியாங்வொன்ஜொங் வரை போக வேண்டும்.

சியோலில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால் அது சாங்தியோக்குங் அரண்மனையின் பின்தோட்டமாகத்தான் இருக்க வேண்டும். 1405இல் இரண்டாம் அரண்மனையாகக் கட்டப்பட்டது இது. கியோங்போக்குங் பாழாகக் கிடந்த காலத்தில் அரசர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் ஆண்டார்கள். 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. நிலத்தைச் சமப்படுத்திக் கட்டடம் எழுப்பாமல், குன்றும் பள்ளமும் இருந்தபடியே இருக்க, அவற்றுக்கு இடையில் மண்டபங்களைச் செருகியிருக்கிறார்கள். வளாகத்தில் பாதிக்கு மேல் தோட்டம்தான். உள்ளே முதலில் எதிர்ப்படும் புயோங்ஜி குளம் சதுரம், அதன் நடுவில் உள்ள தீவு வட்டம். பூமி சதுரம், வானம் வட்டம் என்ற பழைய கிழக்காசிய நம்பிக்கையின்படி அமைத்தது. கரைக்கு மேலே 1776இல் மன்னர் ஜொங்ஜோ கட்டிய மாடம் நிற்கிறது. அதன் கீழ்த்தளம் அரச நூலகமாக இருந்தது. இன்னும் உள்ளே சென்றால் ஓங்னியூச்சொன் ஓடை. 1636இல் மன்னர் இன்ஜோ அங்கே பாறையில் வளைந்த வாய்க்கால் ஒன்றைக் குடைவித்தார். மதுக்கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது வந்து சேர்வதற்குள் கவிதை புனைவது அரசவையினரின் பொழுதுபோக்கு. நவம்பர் தொடக்கத்தில் அந்த வாய்க்காலில் மேப்பிள் இலைகள்தான் மிதக்கும். தோட்டத்துக்குள் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரையே விடுகிறார்கள். இதற்கெனத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். இலை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் இணையத்தில் விற்கும் சீட்டுகள் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அடுத்த மதிலுக்கு அப்பாலுள்ள சாங்கியோங்குங் அரண்மனையின் குளக்கரையிலும் இதே நிறங்கள் உண்டு, நெரிசல் குறைவு. ஜப்பானியர்கள் 1909இல் இந்த அரண்மனையை விலங்குக் காட்சிசாலை ஆக்கினார்கள்; 1980களில்தான் விலங்குகளை வெளியேற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

நகரத் தெருக்களின் மஞ்சள் நிறம் கிங்கோ மரங்களால் வருவது. கிங்கோதான் சியோலின் அடையாள மரம். புகையையும் பூச்சிகளையும் தாங்கி நிற்கும் என்பதால் சாலையோரங்களில் பெருமளவில் நட்டார்கள். தொக்சுகுங் அரண்மனையின் கல்மதிலை ஒட்டிய தெரு இவற்றுக்குப் பேர்போனது. காதலர்கள் அதில் சேர்ந்து நடந்தால் பிரிந்துவிடுவார்கள் என்றொரு பேச்சு உண்டு. முன்பு குடும்ப நீதிமன்றம் அப்பகுதியில் இருந்ததும், மணவிலக்குக்கு வந்தவர்கள் அந்த வழியாகப் போனதுமே அதற்குக் காரணம் என்கிறார்கள். பேச்சு நிலைத்துவிட்டது, காதலர்களும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சில தெருக்களில் உதிர்ந்த இலைகளை மக்கள் மிதித்து நடக்கட்டும் என்று கொஞ்ச காலம் பெருக்காமலே விடுகிறது மாநகராட்சி.

படங்களில் தெரியாத சங்கதி ஒன்று உண்டு: நாற்றம். கிங்கோவில் ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனி. பெண் மரத்தின் விதையைப் போர்த்திய சதைப்பகுதியில் பியூட்ரிக் அமிலம் இருக்கிறது. ஊசிப்போன வெண்ணெயில் வீசுவதும் அதுவே. விதை விழுந்து மிதிபட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். மரம் வளர்ந்து காய்க்கும்வரை ஆணா, பெண்ணா என்று தெரியாது என்பதால்தான் இந்தச் சிக்கல் நேர்ந்தது. 2011இல் கொரிய வன ஆய்வாளர்கள் இளங்கன்றிலேயே மரபணுச் சோதனையால் கண்டறியும் முறையை உருவாக்கினார்கள். பெண் மரங்களைப் படிப்படியாக மாற்றுகிறார்கள். மற்றவற்றின் கீழ் வலை கட்டி விதைகளைப் பிடிக்கிறார்கள்.

அக்டோபரிலேயே போக நேர்ந்தவர்களுக்கு ஹானுல் பூங்கா பரிகாரம். ஹான் ஆற்றங்கரையிலிருந்த நாஞ்சிதோ என்ற தீவில் 1978 முதல் 1993 வரை நகரத்தின் குப்பை முழுவதையும் கொட்டினார்கள். கிட்டத்தட்ட நூறு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மலைகள் எழும்பின. அவற்றை மண் மூடி, கசியும் நீரைத் தடுத்து, உள்ளே ஊறும் வாயுவைக் குழாயில் எடுத்து வெப்பமூட்டப் பயன்படுத்தி, 2002 உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஒட்டிப் பூங்காவாகத் திறந்தார்கள். ஹானுல் பூங்கா அவற்றில் ஒன்றின் உச்சி. அக்டோபரில் ஆளுயர நாணல் புல் அங்கே வெண்கதிர் விட்டு அலையடிக்கும். ஏறிச் செல்ல 291 படிகள், மின்வண்டியும் உண்டு.

இதே பருவத்தில், எட்டாம் சாந்திர மாதப் பௌர்ணமியில் வரும் சுசொக் கொரியர்களின் பெரிய பண்டிகை. முன்னோருக்குப் படையலிடும் நாள். அரசு விடுமுறை மூன்று நாள். சியோலே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவதால் நெடுஞ்சாலைகள் திணறும், ரயில் சீட்டுகள் கிடைக்காது, சிறு கடைகள் பலவும் அடைத்திருக்கும். அரண்மனைகளில் அந்நாட்களில் கட்டணம் வாங்குவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

நவம்பரில் கிம்ஜாங் நடக்கும். குளிர்காலம் முழுமைக்குமான கிம்ச்சியை உறவும் அக்கம்பக்கமும் கூடி ஒரே மூச்சில் போட்டுவைக்கும் வேலை அது. 2013இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. சந்தைகளில் முட்டைக்கோஸ் போன்ற நீள்கோஸும் முள்ளங்கியும் மலையாகக் குவிந்திருக்கும். சைவ உணவினர் கவனிக்க வேண்டியது: காய்கறி மட்டுமே கண்ணில் பட்டாலும், பெரும்பாலான கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். பௌத்த மடாலய முறை உணவகங்களில் அந்தக் கவலை இல்லை. தெருவோரத்தில் சுட்ட கஷ்கொட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இந்தப் பருவத்தில் எங்கும் கிடைக்கும்.

பயண நிறுவனங்கள் தவறாமல் சேர்க்கும் நாமித் தீவு சியோலிலிருந்து ஒரு முழு நாளை விழுங்கும். 'விண்டர் சொனாட்டா' தொலைக்காட்சித் தொடரால் புகழ்பெற்ற இடம். அங்கே குளிர் முந்துவதால் இலைகளும் முந்தியே உதிர்ந்துவிடும். சியோலின் சோங்பா வட்டத்தில் கூட்டியெடுத்த கிங்கோ இலைகளை லாரியில் கொண்டுபோய் அங்குள்ள ஒரு பாதையில் பரப்புகிறார்கள். குறைந்த நாட்களுக்கு வருபவர்கள் தாராளமாகத் தவிர்க்கலாம்.

இன்ச்சொன் விமான நிலையத்திலிருந்து சியோல் நிலையத்துக்கு விரைவு ரயிலில் 43 நிமிடம். நகருக்குள் டி-மணி அட்டை ஒன்று இருந்தால் மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் போதும். ஹான்போக் என்ற மரபுடையை வாடகைக்கு எடுத்து அணிந்தால் அரண்மனைகளில் நுழைவுக் கட்டணம் இல்லை. கியோங்போக்குங்கிற்குச் செவ்வாய்க்கிழமையும் மற்ற அரண்மனைகளுக்குத் திங்கள்கிழமையும் விடுமுறை. நவம்பர் நடுவில் மாலை 5.20க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால், தோட்டங்களைக் காலையிலும், நாக்சான் நீங்கலான மதில் நடையை மதியம் மூன்று மணிக்கு முன்பும் வைத்துக்கொள்ள வேண்டும்.