தொண்ணூற்றொன்பது பேருக்குப் பட்ட கடன்

மூன்று ஆண்டுகளுக்கு முன் பெல்ஜியத்திலிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வந்தது. அச்சோவியர்கள் மூன்று வாரம் தங்கி வேலை செய்வதற்கான கூடம் அது. அறையும் அச்சு இயந்திரமும் அவர்கள் பொறுப்பு. விமானக் கட்டணம், விசா, உணவு என் பொறுப்பு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு தேவை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். கூட்டிப் பார்த்தால் 1,75,000 ரூபாய். சென்னையில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்துப் பிழைக்கும் எனக்கு அது எட்டாத தொகை. திரள்நிதியை நாடினேன்.

இது இணையம் கண்டுபிடித்த வழியன்று. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, கையொப்பக்காரர்களை முன்கூட்டியே சேர்த்துத்தான் செலவைச் சமாளித்தார். அமெரிக்காவில் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்கு நிதி போதாதபோது, ஒரு டாலர் தந்தவருக்கு ஆறு அங்குலச் சிறு சிலை தரப்பட்டது. 1885-இல் ஜோசப் புலிட்சர் தம் நாளிதழில் கொடையாளர் பெயர்களை அச்சிட்டே ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் இதற்கு ஒரு விதியைச் சேர்த்தது: இலக்கை எட்டாவிட்டால் ஒரு ரூபாயும் கைக்கு வராது, ஆதரவாளரிடம் பணம் எடுக்கப்படவும் மாட்டாது.

நான் மூன்று படிகள் வைத்தேன். 500 ரூபாய்க்குக் கையால் வரைந்த அஞ்சலட்டை. 2,000 ரூபாய்க்கு லினோகட் படம். 5,000 ரூபாய்க்கு பெல்ஜியத்திலேயே அச்சிட்ட எட்சிங். முறையே 40, 45, 14 பேர் சேர்ந்தார்கள். மொத்தம் 1,80,000 ரூபாய். இலக்கைத் தாண்டிவிட்டேன் என்று வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

பாயசம் சற்று அவசரம். தளத்தின் கட்டணமும் பணப் பரிமாற்றச் செலவும் பத்து சதவீதம், அதாவது 18,000 ரூபாய். தாள், மை, உருளைப் பெட்டி, கூரியர் என்று அஞ்சலட்டைக்கு 90, லினோகட்டுக்கு 350, எட்சிங்குக்கு 600 ரூபாய் பிடித்தது. அது 27,750 ரூபாய். பயணத்துக்கு எஞ்சியது 1,34,250 ரூபாய். பயணச் செலவையே இலக்காக வைத்தது என் பிழை. 2,35,000 அளவில் வைத்திருக்க வேண்டும். துண்டு விழுந்த நாற்பதாயிரத்துக்கு அக்காவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அக்காவின் பெயர் ஆதரவாளர் பட்டியலில் இல்லை.

பணக் கணக்கையாவது பின்னால் சரிசெய்யலாம். நேரக் கணக்கு அப்படியன்று. ஓர் அஞ்சலட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது; நாற்பதுக்கு அறுபது மணி. எட்சிங் இன்னும் கடினம். அமிலம் அரித்த தகட்டில் மையைத் தடவி, துணியால் துடைத்து, ஈரத்தாளை வைத்து அச்சிட வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் முதலிலிருந்து இதே வேலை. கெட்டுப்போனவற்றையும் சேர்த்தால், பதினான்கு நல்ல பிரதிகளுக்கு ஆறு நாள் கரைந்தன. பக்கத்து மேசையில் ஒரு மூத்த கலைஞர் நான் அதுவரை கண்டிராத வண்ண அச்சு முறையொன்றைச் செய்துகொண்டிருந்தார். நான் வாக்குக் கொடுத்த பிரதிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிடுங்கல் ஏதுமின்றிப் புதியதை முயன்று, தோற்றும் பார்க்கக் கிடைக்கும் காலமே உறைவிடம். அதற்காகத் திரட்டிய பணமே அந்தக் காலத்தில் பாகம் கேட்டது.

ஆயினும் கைவேலைப் பரிசே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது இல்லையேல் அறிமுகமில்லாதவர் எனக்கு ஏன் பணம் தர வேண்டும்? புறப்படுமுன் செய்து முடித்தவற்றை மட்டும் பரிசாக அறிவிக்கலாம். எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். அங்கே உருவாகும் படைப்பைத் திரும்பி வந்தபின், நாள் குறிக்காமல் தருவதாகச் சொல்லலாம். ஆதரவாளர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. மௌனமாக இருந்தால்தான் சுளிக்கிறார்கள். என் எட்சிங்குகள் நான்கு மாதம் தாமதமானபோது, நடந்ததை அப்படியே எழுதினேன். ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

பதின்மூன்று போய்ச் சேர்ந்தன. ஒன்று மட்டும் முகவரி மாறியதால் இருமுறை திரும்பி வந்தது. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. பெயர் எழுதிய அந்த உருளைப் பெட்டி இன்னும் என் அலமாரியின் மேல் இருக்கிறது.