மீன் தொட்டியில் இரவெல்லாம் இரைச்சலா? காற்றுக்கு வழி விடுங்கள்!

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஏரி நிரம்பிக் கோடி போகும் சத்தம் கேட்டால் பெருநகர் விவசாயிக்கு நிம்மதியான தூக்கம் வரும். அதே விவசாயி புறக்கடையில் அலங்கார மீன் தொட்டி வைத்திருந்தால், அந்தத் தொட்டியின் வழிகுழாய் எழுப்பும் 'களக் களக்' சத்தம் தூக்கத்தைக் கெடுத்துவிடும். இரண்டும் நிரம்பிய நீர் வழிவதால் எழும் சத்தமே. ஆனால் ஏரிக் கோடி வானம் பார்த்து அகலமாகத் திறந்திருக்கிறது. தொட்டி நீரோ குறுகிய குழாய்க்குள் காற்றோடு முட்டி மோதி இறங்குகிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

நெல், மணிலா சாகுபடியோடு தங்கமீன், கோய் கெண்டை, கப்பி, மாலி போன்ற அலங்கார மீன்களைத் துணைத் தொழிலாக வளர்க்க அதிக இடம் தேவையில்லை. சென்னை கொளத்தூர்ச் சந்தையும் எட்டும் தூரத்தில் உள்ளது. தண்ணீரைச் சிக்கனப்படுத்த, மேலே மீன் தொட்டி, கீழே வடிகட்டும் தொட்டி என்று அமைத்து, மோட்டார் மூலம் நீரைச் சுற்ற விடுவது நல்ல முறை. மேல்தொட்டியில் நிரம்பும் நீர் வழிகுழாய் மூலம் கீழ்த்தொட்டிக்கு இறங்கும்.

ஆபத்தான கைவைத்தியம்

சத்தம் பொறுக்காமல் சிலர் குழாய் வாயில் துணி அல்லது பஞ்சைத் திணிப்பதுண்டு. வேறு சிலர் படுக்கப் போகும்போது மோட்டாரையே நிறுத்திவிடுவர். இரண்டும் மீன்களுக்கு எமனாகும்.

6 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி நீர் ஆழம் உள்ள தொட்டியில் சுமார் 1,000 லிட்டர் நீர் இருக்கும். இதில் ஓர் அங்குலம் நீர் உயர சுமார் 42 லிட்டர் போதும். மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றுகிறது என்று கொள்வோம். குழாய் அடைபட்டால், விளிம்புக்குக் கீழே 3 அங்குலம் இடம் விட்டிருந்தாலும் நாலு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தொட்டி வழியத் தொடங்கும். மீன்கள் தரையில் விழும். கீழ்த்தொட்டி வற்றி மோட்டாரும் நீரின்றி ஓடிக் கெடும்.

மோட்டாரை நிறுத்தினால் வேறு விதமான கேடு வரும். நீரில் கரைந்துள்ள பிராண வாயு விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் நெருக்கமாக உள்ள தொட்டியில் அவை மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். வடிகட்டியில் உள்ள, கழிவின் நஞ்சை முறிக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் காற்றின்றி மடியும். காலையில் மீண்டும் மோட்டாரைப் போட்டதும் தேங்கிய கெட்ட நீர் மீன்கள் மீது பாயும். எனவே சத்தத்தை அடக்க நீரை நிறுத்தக் கூடாது; காற்றைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

முதலில் காதை வைத்துக் கேட்க வேண்டும். மேல் வாயில் 'களக் களக்' என்றோ உறிஞ்சுவது போலவோ கேட்டால், நீரோடு காற்று இழுக்கப்படுகிறது என்று பொருள். கீழே 'சளசள' என்று கேட்டால், நீர் உயரத்திலிருந்து விழுகிறது என்று பொருள். 'குபுக்' என்று விட்டு விட்டுக் கேட்டு, தொட்டி நீர் ஏறி ஏறி இறங்கினால், குழாய் ஒரு கணம் முழுக்க நிரம்பி வேகமாக இழுத்து, மறுகணம் காற்றுப் புகுந்து அறுந்துபோகிறது என்று பொருள்.

அடுத்து நீரின் அளவை அறிய வேண்டும். குழாயின் கீழ் முனையில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்க்கவும். 20 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 1,800 லிட்டர் ஓடுகிறது. மணிக்கு ஒரு முறை முதல் இரு முறை வரை தொட்டி நீர் முழுவதும் வடிகட்டிக்குச் சென்று வந்தால் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் ஓடினால் மோட்டார் பக்கத்து வால்வைச் சிறிது குறைத்தாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

கீழ் முனைக்கு மருந்து

குழாயின் கீழ் முனை, கீழ்த்தொட்டி நீருக்குள் ஓர் அங்குலம் மட்டும் மூழ்கியிருக்க வேண்டும். ஆழமாக மூழ்கினால் குழாயில் உள்ள காற்று வெளியேற வழியின்றி முட்டும். அதனால் சத்தம் கூடும். முனையைச் சாய்வாக வெட்டி விடுவது நல்லது. செங்குத்தாக விழும் நீளத்தைக் குறைத்து, இடையில் 45 பாகை வளைவு வைத்துச் சாய்வாக இறக்கினால் விழும் வேகம் தணியும்.

மேல் வாய்க்கு மருந்து

செங்குத்துக் குழாயின் தலையில் ஒரு 'டீ' பொருத்த வேண்டும். டீயின் பக்கவாட்டு வாயில் ஓர் எல்போவைக் கீழ் நோக்கி மாட்டவும். இதனால் நீர் மேற்பரப்புக்குக் கீழிருந்து அமைதியாக உள்ளே வரும். டீயின் மேல் வாயை மூடியால் மூடி, மூடியில் சுமார் 3 மில்லி மீட்டர் துளை ஒன்று போடவும். இந்தத் துளைதான் காற்றுக்கான தனி வழி. அமெரிக்க மீன் வளர்ப்பாளர் ரிச்சர்ட் டர்சோ வகுத்த அமைப்பு இது. அவர் பெயராலேயே 'டர்சோ குழாய்' எனப்படுகிறது.

துளை சிறிதானால் 'குபுக்' சத்தம் வரும். பெரிதானால் உறிஞ்சும் சத்தம் வரும். ஆகவே சிறிதாகத் தொடங்கி, கேட்டுக் கேட்டுப் பெரிதாக்க வேண்டும். மூடியைச் சொல்யூஷன் போட்டு ஒட்டாமல் கையால் அழுத்தி வைத்தால், கழற்றிக் கழுவ வசதி. எல்போ வாயில் வலை கட்டாவிட்டால் குஞ்சுகள் இழுக்கப்படும்.

இரட்டைக் குழாய் முறை

நீரோட்டம் அதிகமுள்ள தொட்டிகளுக்கு இரண்டு குழாய்கள் ஏற்றவை. முதல் குழாயின் வாய், நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 4 அங்குலத்தில் சல்லடையோடு இருக்கட்டும். அதன் கீழ்ப்பகுதியில் ஒரு கேட் வால்வு வைத்துச் சிறிது சிறிதாக மூடினால், குழாய் முழுக்க நீர் நிரம்பிக் காற்றே இல்லாமல் ஓடும். காற்று இல்லையேல் சத்தமும் இல்லை.

இரண்டாவது குழாயின் வாய் நீர்மட்டத்தில் இருக்க வேண்டும். இது ஆபத்துக் காலக் குழாய். இதில் வால்வு வைக்கவே கூடாது. முதல் குழாய் முழுவதும் அடைபட்டாலும் மோட்டார் தரும் நீர் அனைத்தையும் இது ஒன்றே தாங்க வேண்டும். முதல் குழாயின் வால்வை முழுக்க மூடி, தொட்டி வழிகிறதா என்று ஒரு முறை நின்று பார்த்த பிறகே இந்த அமைப்பை நம்ப வேண்டும்.

வால்வைத் திருகும்போது, இரண்டாவது குழாயில் நூல் போல் மெல்லிய நீர் மட்டும் இறங்கும்படி விடுவது நலம். அமைதியாக இருந்த அந்தக் குழாய் ஒரு நாள் இரைந்தால், முதல் குழாய் அடைபடுகிறது என்று அறியலாம். செலவில்லாத எச்சரிக்கை மணி இது.

காற்றின்றி இறங்கும் நீரில் பிராண வாயு கலப்பது குறையும். ஆகவே மோட்டார் நீரைத் தொட்டிக்குள் பல துளைகள் வழியாகத் தூவி விட வேண்டும். அல்லது சிறிய காற்றுப் பம்பு வைக்க வேண்டும்.

மின்சாரம் நின்றால்

மின்சாரம் நின்றதும் முதல் குழாயின் வாய்மட்டம் வரை மேல்தொட்டி நீர் கீழே இறங்கிவிடும். மேற்சொன்ன தொட்டியில் 4 அங்குலம் என்றால் சுமார் 168 லிட்டர். குழாய்களில் உள்ள நீரையும் சேர்த்துக் கீழ்த்தொட்டியில் 200 லிட்டருக்குக் குறையாமல் காலி இடம் இருக்க வேண்டும்.

மோட்டார் குழாயின் முனை மேல்தொட்டி நீருக்குள் ஆழமாக மூழ்கியிருந்தால் அதன் வழியாகவும் நீர் பின்னோக்கி இறங்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போட்டால் காற்றுப் புகுந்து இது தடைபடும். மின்சாரம் திரும்பியதும் சில நிமிடங்கள் இரைச்சல் இருக்கும். குழாயில் உள்ள காற்று வெளியேறியதும் தானே அடங்கும். அதற்குள் வால்வைத் தொட வேண்டாம்.

வாராந்திரக் கவனிப்பு

வாரம் ஒரு முறை சல்லடை, வலை, மூடித் துளை மூன்றையும் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பாசியும் இலையும் சேர்வதே பெரும்பாலான அடைப்புக்குக் காரணம். துளையில் பாசி அடைத்தாலும் 'குபுக்' சத்தம் திரும்பி வரும்.

உத்திரமேரூர்க் கோயிலில் உள்ள, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரியைக் கவனிக்கவே 'ஏரி வாரியம்' என்ற தனிக் குழு இருந்ததைக் கூறுகின்றன. நீரைத் தேக்குபவன் அது வழியும் பாதையையும் காக்க வேண்டும் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஏரியானாலும் 1,000 லிட்டர் தொட்டியானாலும் விதி ஒன்றே. புறக்கடையில் வழிகுழாய் இரைந்தால் துளையைச் சரிசெய்யுங்கள். வழக்கமாகக் கேட்கும் மெல்லிய ஓட்டம் திடீரென்று நின்றுவிட்டால் மட்டும், நடுநிசியானாலும் எழுந்து போய்ப் பாருங்கள்.